ரப்பி என்றால் யூத ஐயரா? ஒரு பழைய பதிவுக்கான திருத்தம்

பொம்மையார்பாளையத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஆரோவில் பக்கத்தில்தான் என்பதால் வெளிநாட்டு ஆட்கள் வந்து போவது அங்கே ஒரு செய்தியே இல்லை. போன மாதம் உச்சந்தலையில் சின்ன வட்டத் தொப்பி வைத்த ஒரு இளைஞர் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "சார், அவரு யூதர்தானே? தொப்பி போட்டிருக்காரே, அவங்க ஐயரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, அந்தத் தொப்பிய யூத ஆம்பளைங்க யாரு வேணும்னாலும் போடலாம்."

"அப்ப ரப்பி ரப்பின்னு பேப்பர்ல போடுறாங்களே, அவருதான் ஐயரா?"

"ஆமா, அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. சில வருஷத்துக்கு முன்னால் இதே தளத்தில் கொச்சி பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில், "பரதேசி ஜெபாலயத்தில் ரப்பிகள் வழிபாடு நடத்திவந்தார்கள்" என்று ஒரு வரி. அந்த ஒரே வரியில் இரண்டு தப்பு. ரப்பியின் வேலை வழிபாடு நடத்துவது இல்லை. கொச்சியில் வேரூன்றிய ரப்பி மரபே இருந்ததில்லை. இந்தப் பதிவு அந்த வரிக்கான திருத்தம். கூடவே, நாம் எல்லோரும் கேட்காமலே பயன்படுத்துகிற "யூத மதகுரு" என்ற மொழிபெயர்ப்பின் மீது ஒரு விமர்சனமும்.

பூசாரி வேறு, ரப்பி வேறு

யூத மரபில் பூசாரி என்று ஒருவர் உண்டு. அவருக்குப் பெயர் கோஹேன். அது பிறப்பால் வருவது, அப்பாவிடமிருந்து மகனுக்கு. எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்துவது அவர்கள் வேலை. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்தபோது அந்த வேலையும் போய்விட்டது. இன்று கோஹேன் குடும்பத்தாருக்கு ஜெபாலயத்தில் சில மரியாதைகளும் சில கட்டுப்பாடுகளும் மட்டும் மிச்சம்.

ஆலயம் போன பிறகு மேலெழுந்தவர்தான் ரப்பி. பிறப்புக்கும் இந்தப் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. படித்தால் வரும். பொது வழிபாட்டுக்குத் தேவை பத்துப் பேர். மரபுவாதிகள் வயது வந்த ஆண்களை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்ப்பார்கள். அந்தப் பத்தில் ஒருவர் ரப்பியாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஜெபத்தை நடத்துபவர் ஹசான், இறைச்சிக்கு விலங்கை அறுப்பவர் ஷோஹெத், விருத்தசேதனம் செய்பவர் மோஹேல். இவர்கள் எல்லாம் தனித்தனி வேலைக்காரர்கள். கல்யாணத்தில்கூட சட்டப்படி முக்கியம் மணமக்களும் தகுதியான இரண்டு சாட்சிகளும்தான்.

அப்படியானால் ரப்பி எதற்கு? "இது செல்லுமா, செல்லாதா?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வதற்கு. பானையில் பால் சிந்திவிட்டது, இந்தக் கறியைச் சாப்பிடலாமா? விவாகரத்துப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருக்கிறது, அது செல்லுமா? இவர் யூதரா? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே ஆள் பதில் சொல்கிறார். அவர் சட்டம் படித்தவர், பாடம் சொல்லிக்கொடுப்பவர், தேவைப்பட்டால் தீர்ப்பும் சொல்பவர். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் யோவான் சுவிசேஷத்தில் "ரபீ" என்ற சொல்லை அப்படியே வைத்து, போதகர் என்று பொருள் தந்தார்கள். பத்திரிகைகளின் "மதகுரு"வை விட அது எவ்வளவோ மேல்.

உப்பும் ஒரு பாடம்

ரப்பி ஆவதற்கான படிப்பு யெஷிவா என்ற பாடசாலையில் நடக்கும். சப்தம் இல்லாத நூலகம் மாதிரி அதைக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, தால்முத் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உரக்க வாதாடிப் படிப்பது அங்கே வழக்கம். தால்முத் பக்கமே ஒரு வாக்குவாதம்தான். நடுவில் மூலம், சுற்றிலும் வெவ்வேறு நூற்றாண்டு உரைகாரர்கள். தோற்ற கட்சியின் வாதத்தையும் அழிக்காமல் வைத்திருப்பார்கள்.

பட்டத்துக்குப் பெயர் செமிஹா. பழைய காலத்தில் குரு சீடன் மேல் கை வைத்துக் கொடுத்த அந்தத் தொடர்ச்சி, ரோமப் பேரரசின் பிற்காலத்தில் அறுந்துபோனது. 1538இல் கலிலேயாவின் ஸஃபேத் ஊரில் யாக்கோப் பெராப் அதை மீட்கப் பார்த்தார். எருசலேம் அறிஞர்கள் எதிர்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆக இன்று கொடுக்கப்படும் செமிஹா, "இவர் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதி உடையவர்" என்று ஒரு ஆசிரியர் தரும் சான்றிதழ். அதில் இரண்டு நிலை: "யோரே யோரே" என்றால் வழிகாட்டலாம், "யாதின் யாதின்" என்றால் வழக்கிலும் தீர்ப்புச் சொல்லலாம்.

முதல் நிலைத் தேர்வில் பெரும்பங்கு எதைப் பற்றி என்று தெரிந்தால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்பு வரும். சமையல்கட்டு! யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் அச்சான சட்டநூல் ஷுல்ஹான் அரூஹ். அதில் இறைச்சிக்கு உப்புப் போடுவது பற்றியே தனிப் பகுதி இருக்கிறது. ரத்தம் சாப்பிடக் கூடாது என்பதால் இறைச்சியை அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் உப்புத் தூவி, ரத்தம் வடிகிற மாதிரி சரிவாக வழக்கப்படி ஒரு மணி நேரம் வைத்து, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். உப்பு மாவு மாதிரி இருந்தால் கரைந்துவிடும். பெரிய கட்டியாக இருந்தால் கறியில் ஒட்டாமல் உருண்டு விழுந்துவிடும். வடக்கே மரக்காணத்து அளத்தில் உப்பு வாருகிறவர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: எந்த உப்பு எதுக்கு ஆகும்னு தெரியணும். ரப்பி மாணவன் அதைச் சட்டமாகப் படிக்கிறான்.

நம்மூர் மடம், நம்மூர்ப் பஞ்சாயத்து

"குரு" என்ற சொல் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. பொம்மபுர ஆதீனம் எங்கள் ஊரோடு பெயர் ஒட்டிய வீரசைவ மடம். மயிலம் முருகன் கோயில் அதன் பொறுப்பில் இருக்கிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் சிவஞான பாலய சுவாமிகள் மேல் பல பிரபந்தங்கள் பாடினார். அந்த உறவைப் பாருங்கள். தன் குருவையே பாட்டுக்குத் தலைவனாக வைத்துப் பாடுகிறார் ஒரு பெரும்புலவர். குரு என்பவர் தீட்சை தருபவர், அருள் தருபவர். அவர் பீடத்தில் இருப்பதே அடியவருக்குப் பயன்.

ரப்பியிடம் அந்த எதிர்பார்ப்பு பொதுவாக இல்லை. (ஹசீதியப் பிரிவினரின் "ரெப்பே" மட்டும் விதிவிலக்கு. அங்கே குரு பக்தி உண்டு, வாரிசு முறையும் உண்டு.) அவர் துறவி கிடையாது. கல்யாணம் செய்துகொள்வார், வேறு தொழிலும் செய்வார். ரப்பிகளில் மிகப் பெரிய பெயரான மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டு எகிப்தில் வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர். தோராவைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். அவருக்கு நம் கடலோடும் ஒரு துக்க உறவு உண்டு. குடும்பத்தைத் தாங்கிய தம்பி டேவிட் இந்தியாவுக்கு வியாபாரத்துக்குக் கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார்.

ரப்பியின் வேலையை எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கணும்னா, மடத்தை விட ஊர்ப் பஞ்சாயத்து நெருக்கமான உதாரணம். ஆனால் பஞ்சாயத்தார் ஊர் வழக்கத்தை வைத்துப் பேசுவார்கள், ரப்பி எழுதிவைத்த சட்டத்தை வைத்துப் பேசுவார். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கொச்சிக்குப் போனால் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ரப்பி இல்லாத கொச்சி

கேரளத்து யூதர்களின் மூல ஆவணம், சுமார் கி.பி. 1000ஐச் சேர்ந்த செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமையும் 72 வீட்டுப்பேறும் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. "ரப்பான்" என்ற பெயரைப் பார்த்ததும் இவர் ரப்பி என்று எண்ணத் தோன்றும். ஆனால் செப்பேடு கொடுப்பதெல்லாம் பல்லக்கு, குடை, விளக்கு, வரிவிலக்கு. அவர் வணிகத் தலைவர். சட்டம் சொன்னவர் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை.

பிறகு வந்த நூற்றாண்டுகளிலும் இதே கதைதான். டுடேலா பெஞ்சமின் என்ற 12ஆம் நூற்றாண்டுப் பயணி, கொல்லம் பக்கத்து யூதர்களுக்கு மோசேயின் சட்டமும் தீர்க்கதரிசிகளும் தெரியும், தால்முத் கொஞ்சம் தெரியும் என்கிறார். அதே நூற்றாண்டில் மைமோனிடிஸ் பெயரில் உள்ள ஒரு கடிதம், இந்திய யூதர்களுக்கு ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தவிர ஒன்றும் தெரியாது என்கிறது. எதை நம்புவது? இரண்டிலும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சட்ட அறிவின் மையங்களிலிருந்து இந்தக் கரை ரொம்ப தூரம்.

டச்சுக்காரர் காலத்துக் கொச்சியில் சமூகத் தலைவருக்குப் பட்டம் என்ன தெரியுமா? முதலியார். ஆமாம், நம்ம முதலியார்தான். அரசரின் அங்கீகாரத்தோடு அபராதமும் தண்டனையும் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் எசக்கியேல் ரஹாபி அப்படிப்பட்ட தலைவர், டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகர். ஜெபத்தை ஹசான் நடத்தினார். மூத்தவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடினார்கள். 1615இல் இறந்த நெஹமியா மோட்டாவின் சமாதியில் யூதர் மட்டுமல்ல, மற்ற மதத்தவரும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாம் "குரு" என்று சொல்வதற்கு அங்கே யாராவது உண்டென்றால் அவர்தான்.

ஆக ரப்பி இல்லாமலே ஒரு யூத சமூகம் பல நூற்றாண்டு தோராவோடும் ஓய்வுநாளோடும் வாழ்ந்துவிட்டது. பூசாரி இல்லாமல் ஒரு கோயில் அப்படி ஓட முடியுமா? என் பழைய வரி ஏன் தப்பு என்பதற்கு இதுவே போதும்.

கெய்ரோவிலிருந்து வந்த பதில்

ஆனால் கதை இவ்வளவு சுகமாக முடிவதில்லை.

சுமார் 1520இல் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போனது. அங்கே இருந்த பெரும் ரப்பி டேவிட் இப்னு அபி ஸிம்ரா. கேள்வியின் சுருக்கம் இது: இங்கே சுமார் 900 குடும்பம். அதில் சுமார் 100 பேர் "மெயுஹாசிம்", அதாவது வம்சச் சிறப்பு உடையவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வசதியானவர்கள், பக்தியும் தர்மமும் உடையவர்கள். ஆனாலும் அந்த நூறு பேர் இவர்களை அடிமைகள் என்று சொல்லிப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இது சரியா?

பதில் தெளிவாக வந்தது. அடிமைப் பிறப்பு என்ற சந்தேகம் தீர, சட்டப்படி தண்ணீரில் மூழ்கி எழட்டும். அதன் பிறகு அவர்கள் முழு யூதர்கள், சம்பந்தம் செய்துகொள்ளலாம். பின்னால் அவருடைய மாணவர் யாக்கோப் காஸ்ட்ரோவும் அதே வழியில் தீர்ப்புச் சொன்னார்.

கொச்சி கேட்கவில்லை. நானூறு வருஷம் கேட்கவில்லை.

1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில் "மெஷுஹ்ராரிம்" எனப்பட்ட விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் உள்ளே சமமாக உட்கார முடியாது. முன்கூடத்தில் தரையில் இடம். தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். அந்த வழியில் பிறந்தவர்தான் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்தவர், கொச்சி சட்டசபை உறுப்பினர், காந்தியவாதி. தன் சொந்த ஜெபாலயத்துக்கு எதிராகவே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவருடைய மகன் "வெள்ளை யூத"க் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தபோதும் எதிர்ப்பு காரணமாகக் கல்யாணம் பம்பாயில் நடந்தது. அந்த வழியில் வந்த இன்னொருவரான ரூபி டேனியலின் நினைவுக் குறிப்புகள் 1995இல் வெளிவந்தன. இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நூல் மீது எனக்கு மனக்குறை உண்டு. நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும் எழுதி 1993இல் வந்த "கொச்சியின் கடைசி யூதர்கள்" நல்ல நூல். கேரள உயர்சாதி மரபின் தூய்மை, அரச மரியாதை அடையாளங்களை யூதர்கள் தங்கள் பண்டிகைகளில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நுணுக்கமாகக் காட்டுகிறது. சாதிப் பிரிவினையையும் அது மறைக்கவில்லை. ஆனால் "பண்பாட்டை ஏற்றுத் தன்வயமாக்குதல்" என்ற சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்கும்போது, அந்த ஒதுக்கல் யாரோ செய்த காரியமாக இல்லாமல், காற்றில் உப்பு மாதிரி தானாக வந்து படிந்ததாகத் தோன்றிவிடுகிறது. தானாகப் படியவில்லை. கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். பதில் வந்தது. அந்தப் பதிலை ஓரமாக வைத்தவர்களும் இருந்தார்கள். சாதி இங்கே பழக்கத்தால் மட்டும் நிற்கவில்லை, எழுதிவந்த தீர்ப்பை மீறியே நின்றது. ஊரில் ஒரு ரப்பி இருந்திருந்தால் மாறியிருக்குமா என்பது என்னால் சொல்ல முடியாத விஷயம். ஆனால் முதலியாரும் மூத்தவர்களும் அந்த நூறு பேருக்கு உள்ளேயே இருந்தால், தூரத்துக் கெய்ரோவின் காகிதத்துக்கு என்ன பலம்?

அதிகாரம் கையில் வந்தபோது

இதைப் படித்ததும் "அப்ப ரப்பி இருந்தா நியாயம் கிடைக்கும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்ப்பக்கமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. கொங்கண் கரையின் பெனே இஸ்ரவேலர் மராத்தி பேசும் யூதர்கள். அவர்களுக்கும் ரப்பி மரபு இல்லை. காஜி என்று அழைக்கப்பட்டவர்கள்தான் சடங்கும் வழக்கும் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் போய் எபிரேயமும் ஜெப முறையும் கற்றுக்கொடுத்தார்கள்.

இஸ்ரேல் உருவான பிறகு இவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். அங்கே யூதர்களின் கல்யாணமும் விவாகரத்தும் ரப்பிகளின் கையில், அரசுச் சட்டப்படி. 1962இல் தலைமை ரப்பிகளின் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பெனே இஸ்ரவேலர் யாராவது வெளியே சம்பந்தம் செய்ய வந்தால், தாய் வழியில் முடிந்தவரை பின்னோக்கி வம்சத்தை விசாரிக்க வேண்டும். காரணமாகச் சொன்னது, ரப்பி இல்லாத ஊரில் விவாகரத்துகள் சட்டப்படி நடந்திருக்குமா என்ற சந்தேகம். அதாவது, ரப்பி இல்லாமல் வாழ்ந்ததே இப்போது குற்றப்பத்திரிகை. அவர்கள் எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்று அறிவித்தது. அதன் பிறகுதான் அந்தச் சுற்றறிக்கையில் சமூகத்தின் பெயர் எடுக்கப்பட்டது.

கெய்ரோ ரப்பியிடம் படிப்பு மட்டும்தான் இருந்தது. அவர் கதவைத் திறந்துவிட்டார், யாரும் நுழையவிடவில்லை. 1962இன் ரப்பிகளிடம் படிப்போடு அரசின் முத்திரையும் இருந்தது. அவர்கள் கதவைச் சாத்தினார்கள், தெருவில் இறங்கித்தான் திறக்கவேண்டியிருந்தது. இரண்டு முறையும் கேள்வி ஒன்றுதான்: இவர்கள் நம்மவர்களா? இரண்டு முறையும் ஆராயப்பட்டது சாமானிய மனிதர்களின் பிறப்பு. இந்தக் கேள்வியோடு பூசைக்கோ அருளுக்கோ ஒரு தொடர்பும் இல்லை. அதனால்தான் "மதகுரு" என்று மொழிபெயர்க்கும்போது வெறும் சொல் மட்டும் தவறுவதில்லை, நடந்த அநியாயம் என்ன, அதை யார் செய்தார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

என் யோசனை எளிமையானது. "ரப்பி" என்றே எழுதுவோம். விளக்கம் வேண்டுமென்றால் "யூதச் சட்டம் கற்ற ஆசிரியர்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். பழைய பதிவின் வரியை இப்படி மாற்றிவிட்டேன்: "பரதேசி ஜெபாலயத்தில் வழிபாட்டை ஹசான்களும் சமூகத்தாரும் நடத்தினார்கள், சமமாக உட்காரும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை." இரண்டாவது பாதியை முதல் தடவையே எழுதியிருக்க வேண்டும்.

கடைக்காரரிடமும் திருத்திச் சொன்னேன். ஐயர் இல்லைங்க, சட்டம் படிச்ச வாத்தியார், பஞ்சாயத்தும் பேசுவார் என்று. அவர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அவரு சொன்னா ஊரு கேக்குமா சார்?"

கொச்சிக் கதையைச் சொன்னேன். டீ ஆறிப்போச்சு, இன்னொன்று போட்டுக் கொடுத்தார்.